கொழும்பு பார்த்த கதை

மாத்தளையில் எவரை நிறுத்தி, “கொழும்புக்குப் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டாலும், “போகாமல் என்ன, எத்தனையோ தடவை!” என்றுதான் விடை வரும். “சரி, கொழும்பைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று அடுத்த கேள்வியைப் போட்டுப் பாருங்கள். விடை வரச் சற்றுத் தாமதமாகும்.

போவது வேறு, பார்ப்பது வேறு. இந்தச் சிறிய உண்மையை எனக்குப் போதித்தது நான் கற்ற நூல் எதுவுமன்று, என் இல்லாள்தான்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத விடுமுறை. ஓர் இரவு விடைத்தாள் கட்டுடன் மல்லாடிக்கொண்டிருந்தேன். தேநீரைக் கொண்டுவந்து வைத்தவள் போகாமல் நின்றாள்.

“என்னங்க, நமக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்தில் எத்தனை முறை கொழும்புக்குப் போயிருப்போம்?”

கணக்குப் பார்த்தோம். வைத்தியசாலைக்கு நான்கு முறை. கடவுச்சீட்டு, சான்றிதழ் என்று அலுவலகங்களுக்கு மூன்று முறை. வெளிநாடு சென்ற மைத்துனரை வழியனுப்பப் போய் அப்படியே ஒரு முறை. கல்யாண வீடுகள் இரண்டு. மரண வீடு ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று.

“இதில் ஊர் பார்க்கப் போனது எத்தனை?” என்றாள்.

பரீட்சையில் பூச்சியம் வாங்கிய மாணவனைப்போல் நான் தலை குனிந்தேன். பதினொரு முறையும் கையில் ஒரு கோவையுடன் போனோம். வேலை முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். தலைநகரம் என்றால் நமக்கு நீண்ட வரிசை, மூடப்போகும் யன்னல், நாளைக்கு வா என்னும் குரல், இவ்வளவுதான். அந்த வாரமே ஒரு நாள் போய் வருவதென்று முடிவாயிற்று. கோவை வேண்டாம், அலுவல் வேண்டாம். அவளும் நானும் மட்டும்.

(தலைநகரம் என்று நான் எழுதியதைக் கண்டு புவியியல் ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். 1982ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைக்கு இடம்பெயர்ந்ததையும், பரீட்சையில் அந்தப் பெயரையே எழுதவேண்டும் என்பதையும் நான் அறிவேன். ஆயினும் நம் பேச்சிலும் பயணத்திலும் இன்றைக்கும் தலைநகரம் கொழும்புதான்.)

*

கோழி கூவுமுன் பஸ் ஏறிக் கண்டியை அடைந்தோம். முன்கூட்டியே ஆசனம் பதிவு செய்திருந்தபடியால் புகையிரதத்தில் யன்னலோரம் கிடைத்தது. தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் மடியில் இருந்தன. கடுகண்ணாவையைக் கடந்து, ஒரு பக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் அதல பாதாளமுமாக வண்டி இறங்கத் தொடங்கியதும் என்னுள் இருந்த ஆசிரியன் விழித்துக்கொண்டான்.

“இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது தெரியுமா?” என்று தொடங்கினேன். மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக 1867ஆம் ஆண்டு கண்டிவரை புகையிரதம் வந்தது. 1880ஆம் ஆண்டு அது நம் மாத்தளைவரை நீண்டது. இடையிலே இலை நோய் கண்டு கோப்பி மடிய, அந்த இடத்தில் தேயிலை எழுந்தது. 1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது. அன்று முதல் நம் மலைகளின் தேயிலை கொழும்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

“தேயிலை போச்சு. பறித்தவங்க போனாங்களா?” என்று கேட்டாள் அவள். கேட்டுவிட்டு ரொட்டியைப் பிட்டு என் கையில் வைத்தாள்.

உண்மைதான். கொழுந்து கொழும்புக்குப் போயிற்று. கொழுந்து பறித்தவள் போகவில்லை. நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த வழியும் கொழும்பு வழியன்று. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை என்று கால்நடையாக வந்தோர் முதலில் கண்ட மலைநாட்டு நகரம் மாத்தளைதான். வழியில் வீழ்ந்தோர் பலர்; பிழைத்து வந்தோர் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மலையேறினர். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவ்வாறு கொழும்பைக் காணாமலே மலையேறிய கூட்டம், பின்னர் பல தலைமுறைகளாக அதைக் காணாமலே வாழ்ந்தது.

*

கோட்டை நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டைக்குள் நுழைந்தோம். அங்கு நடப்பது ஒரு வித்தை. முன்னால் மூட்டை சுமப்பவர், பின்னால் தள்ளுவண்டி, பக்கத்தில் மலிவு விலை கூவுபவர். இவர்களுக்கிடையே புகுந்து செங்கோடும் வெண்கோடுமாக நிற்கும் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்தோம். 1908, 1909ஆம் ஆண்டுகளில் எழுந்த கட்டடம். மாதுளம்பழத்தை வெட்டி வைத்தாற்போல் இருக்கிறது என்றாள் என் மனைவி. அதைவிட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை.

பின்னர் செட்டியார் தெரு. கதிரேசன் கோயிலில் கும்பிட்டோம். ஆடி மாதத்தில் வேல் விழாவுக்குத் தேர் புறப்படும் வாசல் அது. கோயிலைவிட்டு வெளியே வந்தால் இரு மருங்கும் நகைக் கடைகள்! முருகன் எனக்கு வைத்த சோதனை என்றே எண்ணினேன். அவளோ ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் நின்று, நிதானமாகப் பார்த்து, ஒன்றும் கேளாமல் நடந்தாள். “பார்ப்பதற்குக் காசு இல்லைதானே?” என்று சிரித்தாள். அந்தத் தெருவைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நானோ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்து நூதனசாலை. ஆளுநர் கிரெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை. உள்ளே போனதும் என் பேச்சு பெருவெள்ளமாயிற்று. கண்டி மன்னரின் சிம்மாசனத்தின் முன் நின்று, அது 1693ஆம் ஆண்டு ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்தது, 1815ஆம் ஆண்டு கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குப் போனது, 1934ஆம் ஆண்டு திரும்பி வந்தது என்று அடுக்கினேன். அதில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன் என்பதையும், வேலூரில் சிறையிருந்து 1832ஆம் ஆண்டு இறந்தான் என்பதையும் சொன்னேன். சுற்றி நின்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்!

“என்னங்க,” என்றாள் அவள் மெல்ல. “கோபிக்காதீங்க. நான் ஊர் பார்க்க வந்தேன். பாடம் கேட்க வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்ப்போமே.”

இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியத் தொழிலில் எவரும் என் வாயை இவ்வளவு பணிவாக அடைத்ததில்லை. அதன்பின் மௌனமாகவே நடந்தேன்.

மௌனத்தால் ஒரு நன்மை விளைந்தது. ஒரு கல்லின் முன் அவளாகவே நின்றாள். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அது. சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனத்திலே புத்தருக்கும், தமிழிலே தேனவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகத்திலே அல்லாவுக்கும் என மூன்று துதிகள். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வகையான காணிக்கைப் பட்டியல். 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டபோது அது காலி நகரில் ஒரு வடிகாலை மூடும் கல்லாகக் கிடந்தது. இவ்வளவையும் நான் அவள் கேட்டபின்தான் சொன்னேன் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

அவள் அந்தத் தேய்ந்த தமிழ் எழுத்துகளைக் கண்ணாலேயே தடவிப் பார்த்தாள். “சாக்கடையை மூடிக் கிடந்திருக்கு. ஆனாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கு, பாருங்க,” என்றாள்.

*

பம்பலப்பிட்டியில் ஒரு சைவ உணவகத்தில் பகலுணவை முடித்துக்கொண்டு சுதந்திர சதுக்கத்துக்குப் போனோம். கண்டியிலே மரத்தால் எழுந்து நிற்கும் மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்தின் சாயலில் கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்ட மண்டபம். 1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியருக்கு ஒப்புவித்த உடன்படிக்கை அந்த மர மண்டபத்தில் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டு பெப்ரவரியில் சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றத்தைத் தொடக்கிவைக்கும் சடங்கு இந்தச் சதுக்கத்தில் நிகழ்ந்தது. இழந்த மண்டபத்தின் வடிவிலே பெற்றதைக் கொண்டாடியிருக்கிறார்கள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

தூண் நிழலில் அமர்ந்தோம். நல்ல காற்று. கல்லூரி மாணவர்கள் சிலர் சைக்கிளில் சுற்றினர். நெடுநேரம் கழித்து அவள் சொன்னாள்: “அப்பா பிறந்தது நாற்பத்தெட்டில்.”

என் மாமனார் தோட்டத் தொழிலாளி. அவர் பிறந்த ஆண்டு எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த ஆண்டையும் இந்த மண்டபத்தையும் நான் ஒருபோதும் சேர்த்து எண்ணியதில்லை. இத்தனைக்கும் நான் வரலாறு படித்தவன்!

மாணவர்கள் அறிவதற்காக இங்கே சில வரிகள். நாடு சுதந்திரம் அடைந்த அதே 1948ஆம் ஆண்டு, 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர் என்று, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும் என்றது சட்டம். பிறப்புப் பதிவே அரிதாக இருந்த தோட்டத்து லயங்களில் அந்தப் பத்திரத்துக்கு எங்கே போவது? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டப் பகுதிகளிலிருந்து தொண்டமான் முதலியோரைத் தெரிந்தெடுத்தனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டைக் காணவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகே நாடற்றவர் என்ற சொல்லுக்கு ஒரு முடிவு கிடைத்தது. நாடு சுதந்திரம் பெற்று ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

நாடு பிறந்த ஆண்டில் பிறந்தவர், அந்த நாட்டினர் என்று சொல்லிக்கொள்ள வாழ்நாளில் பாதியைச் செலவிட்டார். அவருடைய மகள் இப்போது அந்த மண்டபத் தூணில் சாய்ந்து கொண்டிருந்தாள்.

*

காலிமுகத்திடலை அடைந்தபோது மணி நாலேகால். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டம் விற்போர், மாங்காய் அச்சாறு விற்போர், இறால் வடை பொரிப்போர் என்று ஒரே கலகலப்பு. 2022ஆம் ஆண்டு இளைஞர்கள் கூடாரமடித்து மாதக்கணக்கில் போராடிய இடமும் இதுவேதான். அன்றோ குழந்தைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. அதை நிற்காமல் கடந்து செல்வோரே பலர். இந்த நடைபாதையை 1856ஆம் ஆண்டு தொடங்கி 1859ஆம் ஆண்டு முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பு மாதரும் சிறாரும் நலமுறும் பொருட்டு இதைப் பேணிக் காக்கும்படி தமக்குப் பின்வரும் ஆளுநர்களை அதிலே கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை அவளுக்குச் சொன்னபோது, “அப்போ இது ஒன்றாவது எங்களுக்காகப் போட்டது,” என்றாள். மறுகணமே, “கொழும்பு மாதருக்கு என்றுதானே எழுதியிருக்கு? மாத்தளைக்காரி வந்தா விரட்டமாட்டாங்களே?” என்று சிரித்தாள்.

கடலைப் பார்த்து அமர்ந்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்குச் சற்று முன்னதாகக் கண்டி வண்டி. ஆசனம் பதிவாகியிருந்தது. ஐந்து மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும். ஐந்து மணிக்கு எழுந்தேன். அவள் எழவில்லை.

“நேரமாகிறது,” என்றேன்.

“சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டுப் போவோமே.”

“வண்டி போய்விடும்.”

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். இருபது ஆண்டுகளில் ஒரு முறையேனும் சொல்லாத கதை. அவளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, பிரசாவுரிமைப் பத்திரம் சம்பந்தமாகத் தந்தை கொழும்புக்கு ஓர் அலுவலகத்துக்குப் புறப்பட்டிருக்கிறார். மகள் அழுது அடம்பிடிக்கவே, “வா, உனக்குக் கடல் காட்டுகிறேன்,” என்று அழைத்து வந்திருக்கிறார். காலை தொட்டு வரிசை. நடுப்பகலில் ஒரு தாள் குறைகிறது என்றார்கள். அதை எங்கோ போய் எழுதுவித்து வந்து மறுபடியும் வரிசை. அலுவலகத்தைவிட்டு வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கடைசிப் பஸ்ஸை விட்டால் தங்க இடமில்லை. தகப்பனும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பஸ் யன்னலூடாக இரண்டு கட்டடங்களுக்கு இடையில் ஒரு நீலக் கோடு தெரிந்ததாம். “அதுதான் கடல். அடுத்த தடவை கிட்டப் போய்ப் பார்ப்போம்,” என்றாராம் தந்தை.

“அந்த அடுத்த தடவை வரவே இல்லைங்க,” என்றாள். அழவில்லை. சும்மா சொன்னாள்.

அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவரும் கடலைக் கிட்டப் போய்ப் பார்க்காமலே போய்விட்டார்.

நான் வடக்கே திரும்பிப் பார்த்தேன். திடலின் கோடியில் தூண்வரிசையோடு பழைய பாராளுமன்றக் கட்டடம் நின்றது. 1930ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; இப்போது ஜனாதிபதி செயலகம். அந்தப் பிரசாவுரிமைச் சட்டம் விவாதிக்கப்பட்டு நிறைவேறியது அந்தக் கூரையின் கீழ்த்தான். அந்தச் சட்டத்தால் ஒரு பத்திரத்துக்கு அலைந்த மனிதரின் மகள், அதே கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைத்தான் நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வா என்கிறேன்!

சட்டைப்பையிலிருந்த புகையிரதச் சீட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

“என்னங்க, வண்டி?”

“போகட்டும்.”

ஆறேகால் மணிக்குப்பின் சூரியன் கடலைத் தொட்டது. நான் அதற்கு விளக்கம் ஏதும் கூறவில்லை. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கிப்போய்ச் சற்று நேரம் அலையில் நின்றாள். சேலையின் கரை நனைந்தது. திரும்பி வந்தவள் ஒன்றும் பேசாமல் என் அருகில் அமர்ந்து, இறால் வடைக்காரர் பக்கம் போகாமல் கடலைக்காரரிடம் ஒரு சுருள் வாங்கித் தரும்படி கேட்டாள்.

புறக்கோட்டையில் இரவு பஸ் ஏறி, குருணாகல் வழியாக நாங்கள் மாத்தளை சேர்ந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. பதிவுப் பணம் நட்டம். பஸ் கட்டணம் மேலதிகம். மறுநாள் இடுப்பு வலி வேறு. பார்க்க நினைத்திருந்த கங்காராமை விகாரையும் தாமரைக் கோபுரமும் பார்க்காமலே தவறின. கணக்கு வாத்தியாரிடம் காட்டினால் இந்தப் பயணத்துக்குப் புள்ளியே போடமாட்டார்.

ஆயினும் அன்பர்களே, நான் ஒன்று கண்டுகொண்டேன். தம்பதியர் ஊர் பார்க்கப் போனால் எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ண வேண்டாம். உடன் வருபவர் எதைப் பார்க்க வந்தார் என்று புறப்படுமுன்னரே கேட்டறிவது நலம். நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் காலையிலேயே கடற்கரைக்குப் போயிருப்போம். இதை வாசிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வீட்டுவேலை தருகிறேன். உங்கள் அம்மாவும் அப்பாவும் பார்க்க ஆசைப்பட்டுப் பார்க்காமலே விட்ட இடம் எது என்று இன்றைக்கே கேளுங்கள். விடையை எழுதி எனக்கு அனுப்ப வேண்டாம். உங்களுக்குச் சம்பளம் வரும் காலத்தில் அந்த இடத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றால் போதும். வண்டியைப் பிடிக்க மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டுச் சாமி அறையில் என் மாமனாரின் படம் இருக்கிறது. அதன் சட்டத்தின் கீழ்ப்பக்கம் ஒரு சிறிய சிப்பி வைக்கப்பட்டிருப்பதை நான் மறுநாள் காலையில்தான் கவனித்தேன். அதை அவள் எப்போது பொறுக்கினாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.